அடிக்கு ஐந்து மில்லிமீட்டர்

புதுச்சேரி வாணரப்பேட்டையில் பிறந்த பிள்ளைகள் ரயில் பார்க்க ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. விழுப்புரம் பாசஞ்சர் வில்லியனூரைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போதே ஊதத் தொடங்கிவிடும். கடலூர் ரோட்டு கேட் மூடும். சைக்கிள்காரர்கள், மாட்டுவண்டிக்காரர்கள், மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்டின் இரண்டு பக்கமும் குவிந்து நிற்பார்கள். கரி எஞ்சின் தடதடத்துக் கடந்து போனதும் கொடியில் காயும் வேட்டியைத் தொட்டுப் பார்த்து, "கரி விழுந்துடுச்சு பாரு" என்று அம்மா சலித்துக்கொள்வார். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவின் அன்றாடம் இது.

அந்த லைன் 1879இல் போட்டது. லைனின் ஒரு முனை பிரெஞ்சுக்காரர்களுடைய ஊர், மறுமுனை ஆங்கிலேயர்களுடைய ஊர். வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. விழுப்புரம், வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி என்று மொத்தமே 38 கிலோமீட்டர்தான். தென்னாற்காட்டுப் பக்கம் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரியில் கப்பலேறி மார்சேய்க்குப் போன காலத்தில் இந்தச் சின்ன லைனுக்குப் பெரிய மவுசு இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது எல்லைச் சுங்கச் சோதனை போனது. தண்டவாளம் மட்டும் அப்படியே கிடந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. இந்த ஒரு மீட்டர்தான் பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாதி நாள் பிரான்சிலும் பாதி நாள் இங்கேயும் இருப்பார். ஒரு தடவை வரும்போது நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பெட்டியின் மேல் ழுஎஃப் என்று பெயர். ழுரா மலைப் பக்கம் ஷாம்பன்யோல் என்ற ஊரில் 1944இல் தொடங்கிய பொம்மைக் கம்பெனி அது. உள்ளே ஒரு சின்னக் கரி எஞ்சின், சில சரக்கு வேகன்கள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். உருண்டை முள் வைத்த பிரெஞ்சு பிளக் எங்கள் வீட்டு டூ-பின் சாக்கெட்டில் சிரமமில்லாமல் நுழைந்தது. சுவரில் 220 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி தண்டவாளத்துக்கு வரும்போது அது 12 வோல்ட். இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். எஞ்சினின் சக்கரம் அதைத் தொட்டு மோட்டாருக்குக் கொடுக்கும். குமிழை மறுபக்கம் திருப்பினால் இரண்டும் இடம் மாறும், எஞ்சின் பின்னால் போகும்.

கூடத்துச் சிவப்புத் தரையில் வண்டி சுற்றிச் சுற்றி வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஆயா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எங்க போவுது இது? போன எடத்துக்கே திரும்ப வருது?" என்று கேட்டார்.

சின்ன மாமாவுக்கு அது சுருக்கென்று பட்டது. அவர் ஒரு மில்லில் ஃபிட்டர். இரும்பை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குத் தேய்க்கத் தெரிந்தவர். "ஆயா கேக்கறது சரிதான்டா. நம்ம வண்டி எங்க சுத்துது? விழுப்புரத்துல கெளம்புது, பாண்டியில வந்து நிக்குது. அதுக்கப்புறம் லைனே கெடையாது, கடல்தான்" என்றார். மறுநாள் சாயங்காலம் வெர்னியர் காலிப்பரோடு வந்து உட்கார்ந்தார்.

பெட்டித் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பாவின் அகலம். அதனால்தான் அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொன்றும் நிஜத்தில் 87இல் ஒரு பங்காக இருந்தது. "நம்ம லைன் ஆயிரம் மில்லி. பதினாறரையால வகுத்துப் பாரு" என்றார் மாமா. நான் சிலேட்டில் வகுத்தேன். 60.6 வந்தது. "அறுபதுன்னு வெச்சுக்க. அறுபது பதினாறரை எவ்ளோ? தொள்ளாயிரத்து தொண்ணூறு. ஒரு மீட்டருக்குப் பத்து மில்லி கொறையுது. பத்து மில்லிக்கு எவன் வந்து கேக்கப்போறான்?"

ஆகத் தண்டவாளம் பிரான்சுடையதாகவே இருக்கும். அதன் மேலே வருவதெல்லாம் 60இல் ஒரு பங்காக இருந்தால் அது எங்கள் ஊர் மீட்டர் கேஜ் ஆகிவிடும். ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். அதில் 60இல் ஒரு பங்கு 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 'அடிக்கு ஐந்து மில்லி' என்று மாமா சுவரில் பென்சிலால் எழுதினார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஐந்தடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டர். இருபதடி வேகன் பத்து சென்டிமீட்டர். கையில் பள்ளிக்கூட ஸ்கேல் இருந்தால் போதும், ஊரையே அளந்து மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஊரையே கொண்டுவர இடம்தான் இல்லை. விழுப்புரம் வரை போட வேண்டுமானால் அந்தக் கணக்கில் 630 மீட்டருக்கு மேல் பலகை வேண்டும். எங்களிடம் இருந்தது கழற்றிப்போட்ட பழைய கதவு ஒன்று, ஏழடி நீளம். அறுபது மடங்கில் அது 420 அடி. ஒரு முழுப் பாசஞ்சர் வண்டியே அதில் கொள்ளாது. எஞ்சினும் ஒத்துவரவில்லை. எங்கள் லைனில் அப்போது ஓடிய ஒய்.பி. எஞ்சினின் பெரிய சக்கரங்கள் நாலரை அடி விட்டம். எங்கள் அளவில் 22 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பெட்டி எஞ்சினின் சக்கரம் அதைவிட ரொம்பச் சின்னது. மாமா யோசித்து முடிவு சொன்னார். பாசஞ்சர் வேண்டாம். வேகன்களை இழுத்துத் தள்ளுகிற ஷண்டிங் எஞ்சினுக்குச் சின்னச் சக்கரம் பொருந்தும். கூட்ஸ் ஷெட்டும் அதைச் சுற்றியுள்ள யார்டும் மட்டும் செய்வோம். கதவின் ஒரு மூலையில் துறைமுகத்துக் கப்பல் பாலத்துப் பக்கம் போகிற மாதிரி ஒரு கிளை லைன். அவ்வளவுதான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் யார்டுக்குப் போனோம். சும்மா நிற்கிற வேகன்களை மாமா டேப் பிடித்து அளப்பார், நான் நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். அதுவரை வேகன் என்றால் சிவப்புப் பெட்டி, நாலு சக்கரம் என்றுதான் நினைத்திருந்தேன். கிட்டப் போனால் அது ஓர் ஊர் மாதிரி இருந்தது. கதவு இரண்டு இலை. ஒவ்வொன்றிலும் மூன்று கீல். கீலுக்குப் பின்னால் இரும்புப் பட்டை, பட்டையில் வரிசையாக ரிவிட் மொட்டுகள். பக்கவாட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு பிரேக் லீவர். சீட்டு செருகச் சின்னத் தகரச் சட்டம். கதவின் மேல் யாரோ சாக்பீஸால் கிறுக்கிய ஊர்ப் பெயர். அடிச்சட்டத்தில் எழுதிய எண், காலி வண்டியின் எடை, அடுத்து பழுது பார்க்க வேண்டிய தேதி. முன்னும் பின்னும் நடுவில் ஒற்றை பஃபர்.

அந்த ஒற்றை பஃபரைப் பார்த்ததும் மாமா தொடையில் தட்டினார். பிரான்சு வேகன்களுக்கு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பஃபர். நம் அகலப்பாதை வண்டிகளுக்கும் அப்போது பெரும்பாலும் அப்படித்தான். மீட்டர் கேஜ் வண்டிக்கு மட்டும் நடுவில் ஒன்று. முட்டுவதும் இழுப்பதும் அந்த ஒரே இடத்தில். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ழுஎஃப் வேகனின் நான்கு பஃபர்களையும் பிளேடால் அறுத்தெறிந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பா ஊரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஒரு வேகன் எப்படி உருவாயிற்று என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ழுஎஃப் வேகனின் மேல்பாகம் எங்கள் அளவுக்குச் சின்னது, அது தனியே போய்விடும். சக்கரமும் அச்சும் அடிச்சட்டமும் மட்டும் எடுத்துக்கொள்வோம். புதுக் கூடு காகிதத்தில். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959இலிருந்து எங்கள் ஊரில் நடக்கிறது. அங்கிருந்து வருகிற கனத்த தாள் அட்டையைவிட மெல்லியது, சாதாரணக் காகிதத்தைவிட விறைப்பானது. அதில் வேகனின் நான்கு பக்கத்தையும் ஒரே பட்டையாக வரைந்து வெட்டுவோம். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடிழுத்தால் தகடுகளின் இணைப்பு பள்ளமாக விழும். ரிவிட்டுக்குத் தாளைத் திருப்பிப் போட்டு, கீழே பழைய சைக்கிள் டியூபை வைத்து, மழுங்கிய தையல் ஊசியால் மெதுவாகக் குத்த வேண்டும். மறுபக்கம் மொட்டு மொட்டாக எழும்பும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை, கொஞ்சம் விட்டால் ஒன்றும் தெரியாது. மாமாவின் விரல்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. ரிவிட்டுகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கச் சீப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பல்லுக்குப் பல் குத்துவார்.

கீல் பட்டைகள் அதே தாளில் நறுக்கிய இழைகள். பிரேக் லீவர் பவுடர் டப்பாத் தகரம். நடு பஃபருக்கு ஜாக்கெட்டில் தைக்கிற பிரஸ் பட்டனின் ஒரு பாதி. இணைப்புக்கு ஊக்குக் கம்பியை வளைத்த கொக்கி. எல்லாம் முடிந்ததும் ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்ஸைடை மண்ணெண்ணெயில் கரைத்து இரண்டு கை அடிப்போம். வேகனின் நிறமும் அந்த ரெட் ஆக்ஸைடுதான் என்பதால் கலவையே தேவைப்படவில்லை. எழுத்துக்கு மெல்லிய நிப்பும் வெள்ளை போஸ்டர் கலரும். எஸ்.ஆர். என்று ஆங்கிலத்தில், அதன் சுருக்கம் இந்தியில், கீழே எண். ஓர் எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்தான். மூச்சை அடக்கிக்கொண்டு எழுத வேண்டும்.

எடை அடுத்த பிரச்சினை. காகிதக் கூடு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், வளைவில் சக்கரம் ஏறிக் கவிழும். வம்பாகீரப்பாளையத்துச் செம்படவர்கள் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து தட்டித் தகடாக்கி வேகனின் தரையில் ஒட்டினோம். எடை தாழ்வாக, அச்சுக்கு நேர்மேலே உட்கார வேண்டும். மேலே இருந்தால் வண்டி தள்ளாடும், அளவுக்கு மீறினால் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எங்கள் வண்டிகள் தண்டவாள மூட்டுகளைத் தாண்டும்போது 'டக் டக்' என்று கனத்த சத்தம் கொடுத்தன.

அதற்குப் பின் சரக்கு. மணிலா மூட்டைக்கு ஆயா பொறுப்பு. காடாத் துணியை டீத்தண்ணீரில் தோய்த்துக் காயவைத்து, விரல் நகம் அளவுக்குச் சாக்குப்பைகள் தைத்து, கேழ்வரகு நிரப்பி வாயைக் கட்டினார். கேழ்வரகு போட்ட மூட்டை நிஜ மூட்டை போலவே ஒன்றன்மேல் ஒன்று சரிந்து படிந்தது. பஞ்சு போட்டபோது அது தலையணையாகப் புடைத்தது. அதனால் பஞ்சை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டோம். மில்லுக்கு வரும் பஞ்சுப் பேல் ஒன்று சுமார் 170 கிலோ. எந்திரத்தில் அழுத்தி இரும்புப் பட்டை பூட்டியிருப்பார்கள். மாமா கழிவுப் பஞ்சை மரப்பெட்டி அச்சில் திணித்து, வைஸில் அழுத்தி, சணல் நூல் துணியைச் சுற்றி, கறுப்பு நூலால் பட்டை கட்டினார். நூல் பட்டைகளுக்கு நடுவே பஞ்சு பிதுங்கி நின்றது. திறந்த வேகனுக்கு நிலக்கரியாக இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரித்தூளைச் சல்லடையில் சலித்து ஒரே அளவுத் துண்டுகளை மட்டும் எடுத்துப் பசை தடவிப் பரப்பினோம். அலுமினிய மாத்திரைக் குழாய் ஒன்று மண்ணெண்ணெய் டேங்கர் ஆயிற்று. தார்ப்பாய்க்குக் கிழிந்த குடைத்துணி.

கடைசியில் கார்டு வண்டி. அதற்குத் தனி மரியாதை. பின்னால் சின்ன வராந்தா, உள்ளே பெஞ்சு, வராந்தாவில் வெள்ளை டிரெஸ் போட்ட கார்டு. கையில் பச்சைக் கொடி. வண்டியின் பின்னால் கடைசிப் பெட்டி என்று காட்டுகிற பலகை. அந்தப் பலகை ஸ்டேஷனைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தால்தான், வண்டி நடுவழியில் அறுந்து பாதி வேகன்கள் லைனிலேயே நிற்கவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு நிச்சயம். ஒற்றை லைனில் அது உயிர்ப் பிரச்சினை. அது இல்லாமல் வண்டியை எடுக்க மாமா விடமாட்டார். "கடைசிப் பலகை எங்கடா?" என்று கேட்டு வண்டியை நிறுத்திவிடுவார்.

தண்டவாளத்துக்கும் மராமத்து வேண்டியிருந்தது. மீட்டர் கேஜின் மர ஸ்லீப்பர் கட்டை ஆறடி நீளம். எங்கள் அளவில் 30 மில்லிமீட்டர். பிரான்சுத் தண்டவாளத்தின் பிளாஸ்டிக் கட்டைகளை அளந்தால் அவையும் ஏறக்குறைய அதே 30. ஆனால் நெருக்கமாக இருந்தன. நம் லைனில் கட்டைகள் தள்ளித் தள்ளிக் கிடக்கும். கீழே உள்ள இணைப்பை வெட்டி, கட்டைகளை நகர்த்தி அகட்டினோம். சலித்த ஜல்லித் தூளைக் கட்டைகளுக்கு நடுவே தூவி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். கோரிமேட்டுச் செம்மண் யார்டின் தரையாயிற்று.

எல்லாம் முடிந்தபோது எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் தெருவில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். அவரை அழைத்துவந்து காட்டினோம். குனிந்து, கண்ணைக் கதவின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, லைனோடு லைனாகப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பாயிண்ட் கிட்ட எண்ணெய்க் கறை எங்கப்பா?" என்றார்.

நாங்கள் விழித்தோம். அவர் விளக்கினார். வண்டி தடம் மாறுகிற நாக்குத் தண்டவாளம் சுலபமாக நகர வேண்டும் என்பதற்காக அதன் கீழே எண்ணெய் விடுவார்கள். அந்த இடத்துக் கட்டையும் ஜல்லியும் எப்போதும் கறுத்திருக்கும். எஞ்சின் நின்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சாம்பலும் பாசியும். கூட்ஸ் ஷெட் வாசலில் கொட்டிய மணிலாவைப் பொறுக்க ஆடு வரும். "ஜல்லியும் கட்டையோட முடியாது. ரெண்டு பக்கமும் தோள் வெச்சு சரியும். இல்லாட்டி வெயில்ல தண்டவாளம் நெளிஞ்சுடும்." அவர் போனபின் மாமா சந்தோஷமாக இருந்தார். "குத்தம் சொல்ற அளவுக்கு நெசமா இருக்குதுடா" என்றார்.

அதற்குப் பிறகுதான் வேகன்களை அழுக்காக்கினோம். புது வேகன் போலப் பொய் எதுவும் கிடையாது. யார்டில் நிற்கிற வேகனின் கூரை வெயிலில் வெளிறியிருக்கும். கீழ்ப்பாகத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கிற பழுப்புத் தூள். கரி ஏற்றிய வண்டியில் கறுப்பு, சிமெண்ட் ஏற்றியதில் சாம்பல், பஞ்சு ஏற்றியதன் கதவிடுக்கில் வெள்ளை நார். ரிவிட்டுக்குக் கீழே துரு ஒழுகிய கோடு. செம்மண் குழம்பு, அடுப்புக் கரி, டீத்தண்ணீர் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேகனுக்கும் அது ஏற்றிய சரக்குக்குத் தக்கபடி அழுக்கு பூசினோம். அம்மா பார்த்துவிட்டு, "கஷ்டப்பட்டுப் பெயிண்ட் அடிச்சதைப் பாழாக்கறீங்களே" என்றார்.

ஓட்டுவதற்கும் சட்டம் உண்டு. சும்மா முன்னும் பின்னும் ஓட்டக் கூடாது. சீட்டுக்கட்டு அளவில் அட்டைகள் செய்து, ஒவ்வொரு வேகனுக்கும் எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு என்று எழுதியிருந்தோம். பி.டி.ஒய். என்றால் புதுச்சேரி, வி.எம். என்றால் விழுப்புரம். அட்டையைக் குலுக்கி எடுத்தால் பஞ்சு வேகன் மில் சைடிங்கில் நிற்க வேண்டும், மணிலா வேகன் பாலத்துப் பக்கம் போக வேண்டும், காலி வேகன் வண்டியின் கடைசியில் சேர வேண்டும். எஞ்சின் ஒன்றுதான், லைன் மூன்றுதான். எந்த வேகனை முதலில் எடுத்து எங்கே ஒதுக்கிவைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். நடுவில் யாராவது கையால் வேகனைத் தூக்கிவைத்தால் ஆட்டம் கலைந்தது. சித்தி பெண்ணுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. வளையல் ஒன்றில் கோலிக்குண்டைக் கட்டி அதுதான் டோக்கன் என்று வைத்திருந்தாள். நிஜ லைனில் டிரைவர் பிரம்பு வளையத்தில் பந்து டோக்கனை வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். அந்தப் பந்து ஒருவரிடம் இருக்கும்வரை எதிரே இன்னொரு வண்டி வர முடியாது. அவள் வளையலை நீட்டாமல் எங்கள் எஞ்சினும் நகராது. அவளுக்குக் கோபம் இருக்கிற நாளில் விழுப்புரம் கூட்ஸ் கிளம்பவே கிளம்பாது.

எங்களுக்கு நிரந்தர எதிரி கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் தண்டவாளத்தில் உப்புப் பூத்து மின்சாரம் ஏறாது. எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். மை அழிக்கிற ரப்பரால் தண்டவாளத்தின் தலையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைக்க வேண்டும். பிறகு கரண்ட் கட். எல்லாம் சரியாக இருந்து சித்தி பெண்ணும் மனமிரங்கி டோக்கனைக் கொடுக்கிற நேரத்தில் விளக்கு அணையும்.

உலகத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்று பின்னால்தான் தெரிந்தது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891லேயே பொம்மை ரயிலுக்கு அளவு வகுத்துவிட்டது. இங்கிலாந்தில் ஹார்ன்பி ரயில்கள் 1920இல் கடைக்கு வந்தன. எங்கள் ழுஎஃப் பெயரும் இப்போது ஹார்ன்பி குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. புனேயில் ஜோஷி குடும்பத்தார் வளர்த்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்கில் 2001இல் தொடங்கிய மினியேச்சர் வண்டர்லேண்ட் இன்று உலகத்திலேயே பெரிய மாதிரி ரயில்களில் ஒன்று. அங்கே போய்ப் பார்த்தவர்கள் விளக்குகளையும் விமானங்களையும் வியந்து சொல்வார்கள். நான் படங்களில் முதலில் தேடுவது பாயிண்ட் பக்கத்து எண்ணெய்க் கறையை. அது இருக்கிறது.

எங்கள் நிஜ லைன் நீடிக்கவில்லை. நாடெங்கும் ஒரே அகலம் என்று ரயில்வே 1992இல் தொடங்கிய திட்டம் அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. கரி எஞ்சின்கள் அதற்கு முன்பே போயிருந்தன. ஒற்றை பஃபர் வேகன்கள் பழைய இரும்பாயின. இன்று புதுச்சேரியிலிருந்து டில்லிக்கும் ஹௌராவுக்கும் மாறாமல் ஏறிப் போகலாம்; அது பெரிய வசதி, குறை சொல்வதற்கில்லை. எங்கள் ஊர்ப் பஞ்சாலைகளான ஏ.எஃப்.டி. மில்லும் சுதேசி, பாரதி மில்களும் 2020இல் முற்றாக மூடின. பழைய துறைமுகத்துக் கப்பல் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் இடிந்து விழுந்தது. ஸ்டேஷனும் அம்ரித் பாரத் திட்டத்தில் புது உருவம் பெறுகிறது. நாங்கள் கதவுப் பலகையில் வைத்த எதுவும் இப்போது அதன் இடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் இன்னும் மீட்டர் கேஜில் ஓடுவது மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் ஒன்றுதான். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதால் அது பிழைத்தது. ஊர்ப்புறக் கூட்ஸ் லைன்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கதவு, கீல், லீவர், தகரச் சட்டம் எல்லாவற்றுக்கும் அடி, அங்குலம், பக்கத்தில் மில்லிமீட்டர். மாமாவின் கையெழுத்தில் ஒரு வேகனின் நான்கு பக்கப் படமும் உண்டு. கரி எஞ்சினைப் படம் எடுத்தவர்கள் ஏராளம். மூட்டை ஏற்றிய நாலு சக்கர வேகனை யாரும் நின்று பார்த்ததுகூட இல்லை. ஒன்றை அதே அளவில் செய்துபார்க்கிறவன்தான் அதன் கீல் மூன்றா இரண்டா என்று எண்ணுகிறான். வாங்கிய பெட்டியை அப்படியே ஓட்டியிருந்தால் நான் எதையும் எண்ணியிருக்க மாட்டேன்.

ஆகவே பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் பொம்மை வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. கூடவே ஒரு டேப்பும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் ஊரில் பழைய கூட்ஸ் ஷெட்டோ கேட் கீப்பர் அறையோ கைகாட்டி மரமோ மிச்சம் இருந்தால், அதை இடிப்பதற்கு முன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், உரியவரிடம் அனுமதி கேட்டு, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. அடிக்கு ஐந்து மில்லிமீட்டர் என்ற கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும்.